நாலாம், அஞ்சாம் வகுப்புக்குச் சூழல் மண்டலம்: பாட்டில் குளம் ஏன் மூணு நாளில் நாறிப்போகுது?

வகுப்பறை_ஜன்னல் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நாங்குநேரிப் பக்கம் தொடக்கப்பள்ளி. நாலும் அஞ்சும் சேர்த்து 28 பிள்ளைகள். சூழல் மண்டலம், உணவுச் சங்கிலி பாடத்தைப் படம் வரைஞ்சு முடிச்சுடாமல் கையால் செய்ய வைக்கணும்.

இப்போதைய அமைப்பு இதுதான்: 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில், அடியில் நாலு விரல் உயரம் குளத்துக் கரம்பை (வண்டல் மண்), முக்கால் பாட்டில் தண்ணி, ஒரு கொத்து வேலம்பாசி (குளத்துத் தண்ணிக்குள் வளர்ற செடி), 2 கப்பி மீன். மூடியை இறுக்கி, வெயில் விழுற ஜன்னல் திட்டில் வைக்கிறது. பிள்ளைகள் தினமும் ரெண்டு பொரி போடுவாங்க. மூணாம் நாள் தண்ணி பால் மாதிரி வெளுத்து, மீன் செத்து மிதக்குது. திறந்தால் அழுகின முட்டை வாடை.

பள்ளியில் போர் தண்ணி உப்பு. குடிதண்ணிக் குழாயில் வாரத்துக்கு ரெண்டு நாள் குளோரின் போட்ட ஆத்துத் தண்ணி வரும். ஆய்வகம் கிடையாது. சத்துணவுக் கூடத்துத் தராசும் ஒரு வெப்பமானியும் இருக்கு. செலவு 500 ரூபாய்க்குள் அடங்கணும். எங்கே தப்பு? இது தவிர வேறென்ன செய்யலாம்?

---

பொருநைக்கரை

டீச்சர், நீங்க எழுதினதிலேயே தப்பு நாலும் இருக்கு. கரம்பை, பொரி, வெயில், மீன். ஒவ்வொண்ணா வாரேன்.

முதல்ல கணக்கு. 30 டிகிரியில் நல்ல தண்ணி ஒரு லிட்டரில் கரையக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். தண்ணி சூடாக ஆக அதுவும் குறையும். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் இருக்கு. உங்க பாட்டிலில் ஒன்றரை லிட்டர் தண்ணியில் கரைஞ்சிருக்கிறது மொத்தமே 11 மில்லிகிராம். இதில் மீன் மூச்சு விடணும், பாசி ராத்திரியில் மூச்சு விடணும், கரம்பையில் இருக்கிற மக்கையும் பொரியையும் தின்னுற பாக்டீரியா மூச்சு விடணும். கடைசியில் சொன்னதுதான் பெரிய வயிறு. தண்ணி பாலாக வெளுக்குதே, அது அந்தப் பாக்டீரியாக் கூட்டம். மேல் தண்ணியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அடி மண்ணில் ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியா தலையெடுக்கும். முட்டை வாடை அதன் வேலை, ஹைட்ரஜன் சல்பைடு. கரம்பை வயலுக்குத்தான் தங்கம், பாட்டிலுக்கு விஷம். நாலு விரல் உயரம் வேண்டாம், ஒரு தேக்கரண்டி போதும். அதுவும் பாக்டீரியாவுக்கு உறை மோர் மாதிரித்தான்.

திருத்தின அளவு, 2 லிட்டர் பாட்டிலுக்கு:

கழுவின ஆத்து மணல் 2 விரல் உயரம். கலங்கல் போற வரைக்கும் ஏழெட்டுத் தடவை அலசணும். அதுமேல் ஒரு தேக்கரண்டி குளத்து மண். தண்ணி 1.2 லிட்டர். மேலே அரை லிட்டருக்குக் குறையாமல் காற்று நிக்கணும், இதுதான் பலரும் விடுற இடம். வேலம்பாசி 10 சென்டிமீட்டர் நீளத்தில் 5 தண்டு, நுனி பச்சையா இருக்கிறதா பார்த்து எடுங்க. பொட்டு அளவு சின்ன நத்தை 2. மீன் வேண்டவே வேண்டாம். தீனியும் வேண்டாம். நத்தைக்குப் பாசிப்படலமும் செத்த இலையுமே சாப்பாடு.

தண்ணிக்கு: உப்புத் தண்ணியை விட்டுடுங்க. குழாய்த் தண்ணியை வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வச்சால் குளோரின் பெரும்பாலும் பறந்துடும். அப்பப்போ ஒரு செம்பால் மோந்து ஊத்தி ஆத்தினால் இன்னும் சீக்கிரம். அதோடு கால் பங்கு குளத்துத் தண்ணி கலந்துக்கிடுங்க.

இடம்: வடக்குப் பார்த்த ஜன்னல் அல்லது வராந்தா. வெளிச்சம் வேணும், வெயில் கூடாது. மூடின பாட்டிலில் நேர் வெயில் விழுந்தால் உள்ளே 40 டிகிரி தாண்டிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வகுப்பா இருந்தால் மத்தியானம் தரையோரமா இறக்கி வைங்க.

இப்போ முக்கியமான விஷயம். ஒரு பாட்டில் வச்சால் அது அலங்காரம், நாலு பாட்டில் வச்சால்தான் சோதனை. 28 பிள்ளைகளை 7 பேரா நாலு குழுவாப் பிரிச்சு:

அ: பாசியும் நத்தையும், வெளிச்சத்தில்.
ஆ: பாசி மட்டும், வெளிச்சத்தில்.
இ: நத்தை மட்டும், வெளிச்சத்தில்.
ஈ: பாசியும் நத்தையும், அட்டைப்பெட்டி கவிழ்த்த இருட்டில்.

நாலுக்கும் ஒரே நாள், ஒரே வாளித் தண்ணி, ஒரே அளவு மணல். வைக்கிறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு குழுவும் எந்தப் பாட்டில் முதல்ல கெடும், ஏன் என்று எழுதி ஒட்டிடணும். அப்புறம் மாத்தக் கூடாது. தினமும் காலை 10 மணிக்கு 5 நிமிஷம்: தண்ணி நிறம், இலையில் குமிழ் உண்டா, நத்தை எங்கே இருக்கு, வெப்பம். நிறத்துக்கு “கொஞ்சம் பச்சை” என்று எழுத விடாதீங்க. வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் ஒரு எழுத்து எழுதிப் பாட்டிலுக்குப் பின்னால் பிடிச்சு, தெளிவா தெரியுதா, மங்கலா, தெரியவே இல்லையா என்று மூணு நிலையில் குறிக்கச் சொல்லுங்க.

“ஈ” பாட்டிலில் ஒரு வாரம் பத்து நாளில் பாசி வெளிறி உதிரும். “இ”யிலும் “ஈ”யிலும் நத்தை ஓட்டுக்குள்ளே போய் ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்தால் உடனே எடுத்து “அ”வில் விடச் சொல்லுங்க. சாகிற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்கிறது பாடம் இல்லை.

பாட்டிலை வெட்டணும்னா பெரியவங்கதான் வெட்டணும். வெட்டின விளிம்பு கையைக் கிழிக்கும். மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டி மேல் ஒரு தாளைப் போட்டு, விளிம்பை நாலு நொடி அழுத்தினால் உள்பக்கமாச் சுருண்டு மழுமழுன்னு ஆயிடும். லேபிள் பசைக்குத் தேங்காய் எண்ணெய்.

---

வகுப்பறை_ஜன்னல்

ரொம்ப நன்றி அண்ணாச்சி. ரெண்டு சந்தேகம். நத்தை தண்ணி மட்டத்துக்கு ஏறி வந்தால் ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு என்று எடுத்துக்கிடலாமா? வயலில் கிடக்கிற பெரிய உருண்டை நத்தையே போடலாமா?

---

பொருநைக்கரை

ஏறி வர்றதை வச்சு முடிவு சொல்ல முடியாது. நம்ம குளத்தில் இருக்கிற சின்ன நத்தைகளில் பல வகைக்கு நுரையீரல் உண்டு. அப்பப்போ மேலே வந்து காற்று எடுத்துட்டு இறங்குறது அதுகளோட வழக்கம். பிள்ளைகள் “மூச்சு முட்டுது டீச்சர்” என்று கத்துவாங்க. அப்போ ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை ஏறுது என்று எண்ணச் சொல்லுங்க. “அ”விலும் “இ”யிலும் எண்ணிப் பார்த்தால்தான் ஏதாவது சொல்லலாம்.

பெரிய உருண்டை நத்தை வேண்டாம். ராத்திரியோட ராத்திரியா வேலம்பாசியை மொட்டை அடிச்சுடும். பத்து லிட்டர் தொட்டிக்கே அது அதிகம்.

நத்தை எடுக்கிறவங்க கவனத்துக்கு: தட்டையா, வட்டமாச் சுருண்ட நத்தை மாடு மேயுற குளங்களில் ஏராளம். தோலில் அரிப்பு உண்டாக்குற ஒட்டுண்ணி அதில் இருக்கலாம். ஆகவே குளத்துத் தண்ணியில் கை வச்ச பிள்ளைகள் எல்லாரும் சோப்புப் போட்டுக் கழுவணும். நத்தையைச் சல்லடைக் கரண்டியால் எடுக்கப் பழக்குங்க. பாசியோடு வழுவழுன்னு ஒட்டியிருக்கிற முட்டைக் கூழ், தட்டான் குஞ்சு எல்லாம் வரும். தட்டான் குஞ்சு இருந்தால் தனியா எடுத்துடுங்க. பாட்டிலில் மத்த எல்லாத்தையும் தின்னு தீர்த்துடும். பாசியை வெள்ளைத் தட்டில் பரப்பி அரை மணி நேரம் விட்டால் எல்லாம் தானா வெளியே ஊர்ந்து வரும், அந்த அரை மணியே நல்ல ஒரு வகுப்பு.

பாசி ஆக்சிஜன் விடுதா என்று கண்ணால் காட்டணும்னா: புதுசா வெட்டின வேலம்பாசி நுனி 8 சென்டிமீட்டர், வெட்டுவாய் மேலே வர்ற மாதிரி தலைகீழா கண்ணாடி டம்ளரில் முக்குங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு அரைத் தேக்கரண்டி ஆப்பசோடா. வெயிலில் வச்சால் சில நிமிஷத்தில் வெட்டுவாயில் இருந்து குமிழ் வரிசையா ஏறும். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணணும். அப்புறம் நிழலுக்கு மாத்தி 5 நிமிஷம் பொறுத்து மறுபடி எண்ணணும். குமிழ் வரலைன்னா தண்டு பழசு, இல்லேன்னா வெட்டுவாய் நசுங்கியிருக்கும். பிளேடால் சாய்வா மறுபடி ஒரு வெட்டு.

---

கரம்பைமண்

பொருநைக்கரை அண்ணாச்சி மேலே இருக்கிறதைச் சொல்லிட்டாங்க. நான் அடியில் இருக்கிறதைச் சொல்லுதேன். பாடப்புத்தகத்தில் உற்பத்தியாளர், நுகர்வோர் என்று ரெண்டு பக்கம் ஓடும். செத்ததை மக்க வைக்கிற சிதைப்போருக்கு ரெண்டு வரி. பிள்ளைகள் மனசில் சிதைப்பவை கடைசியில் ஒரு மூலையில் நிக்கும். உண்மையில் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியில் இருந்தும் அதுக்கு ஒரு கோடு போகும். இதைக் காட்டுறதுக்கு 30 ரூபாய் கூட ஆகாது.

இலைப்பை. கொசுவலைத் துணியில் உள்ளங்கை அளவு பை 12. மூணு வகை இலை: வாழை, வேம்பு, பனை. ஒவ்வொண்ணும் காய்ஞ்சதா 5 கிராம், வகைக்கு நாலு பை. பள்ளி வேப்ப மரத்தடியில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரே வரிசையாப் புதைச்சு, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, நூல் கட்டி வெளியே விடுங்க. நூல் இல்லைன்னா மழைக்குப் பிறகு பை எங்கே என்று யாருக்கும் தெரியாது. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை வகைக்கு ஒரு பை எடுத்து எடை.

இதில் ரெண்டு இடத்தில் எல்லாரும் வழுக்குவாங்க. பச்சை இலையை எடை போட்டுப் புதைச்சால் கணக்கே தப்பு, அதில் பாதிக்கு மேல் தண்ணி. நாலு நாள் நிழலில் காய்ஞ்ச இலைதான் வேணும். ரெண்டாவது, எடுத்த பையை அப்படியே எடை போட்டால் “இலை எடை கூடியிருக்கு டீச்சர்” என்று வரும். ஒட்டியிருக்கிற மண்ணும் ஈரமும் அது. சல்லடையில் வச்சு மெதுவா அலசி, ரெண்டு நாள் காயப்போட்டு, தூரிகையால் தட்டிட்டு எடை போடணும். சத்துணவுத் தராசு கிலோக்கணக்குக்கு ஆனது, 5 கிராமுக்குச் சரிவராது. ஒரு கிராம் காட்டுற அடுக்களைத் தராசு இரவல் வாங்கிக்கிடுங்க. கிடைக்கலையா, 1 சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளில் இலையை வச்சு எத்தனை கட்டம் மிச்சம் என்று எண்ணலாம்.

வாழை நூலாப் பிரியும். பனையோலை நாலாவது பையிலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஓலைச்சுவடி எதனால் நூறு வருஷம் தாங்குச்சு என்று அப்போ கேளுங்க. கூடவே ஒரு பால் பாக்கெட் துண்டையும் அதே வரிசையில் புதைச்சு வைங்க, அதைப் பற்றி நாம பேசவே வேண்டாம்.

மண் காய்ஞ்சு கிடந்தால் ஒண்ணும் மக்காது. சித்திரை வெயிலில் இதைத் தொடங்கிட்டு “மக்கலையே” என்று வருத்தப்படக் கூடாது. வாரம் ரெண்டு தடவை ஒரு செம்பு தண்ணி. வேணும்னா நாலு பையில் ஒண்ணை மட்டும் கூரை ஓரத்துக் காய்ஞ்ச மண்ணில் வச்சு, ஈரம் என்ன வேலை செய்யுதுன்னு தனியாப் பார்க்கலாம்.

மண்ணுக்குள்ளே யார்? ஒரு லிட்டர் பாட்டிலின் மேல் பாதியை வெட்டித் தலைகீழாப் புனல் மாதிரி நிறுத்துங்க. கழுத்துக்கு மேலே 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை. அதுமேல் வேப்ப மரத்தடி மக்கின இலை ரெண்டு கைப்பிடி. கீழே ஈரத்தாள் விரிச்ச டப்பா. மேலே ஒரு சாண் உயரத்தில் 40 வாட் குண்டு பல்பு. சூடும் வெளிச்சமும் பிடிக்காத பூச்சிகள் கீழே கீழே நகர்ந்து டப்பாவில் விழும். ஒரு நாள் வேணும். எல்.ஈ.டி. பல்பு போட்டால் வேலைக்கு ஆகாது, அதில் சூடு இல்லை. குண்டு பல்பு கிடைக்காட்டி காலை இளவெயிலில் வைங்க, ஆனால் கீழ் டப்பாவைக் கறுப்புத் துணியால் மறைக்கணும். பல்பை இலையில் படுற மாதிரி இறக்கினால் புகையும், ஆள் இல்லாதப்போ எரிய விடாதீங்க. விழுறதில் வெள்ளையா எள் மாதிரித் துள்ளுறது, எட்டுக் கால் சிற்றுண்ணி, ரயில்பூச்சிக் குஞ்சு எல்லாம் இருக்கும். பெயர் தெரியணும்னு அவசியம் இல்லை. கால் எத்தனை, இறக்கை உண்டா, துள்ளுதா ஊருதா, இப்படிப் பிரிச்சாலே போதும். எண்ணி முடிச்சதும் எடுத்த இடத்திலேயே கொட்டிடுங்க.

மண்ணும் மூச்சு விடும் என்று காட்ட வெத்திலைச் சுண்ணாம்பு போதும். பாக்கு அளவு சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணியில் கலக்கி ராத்திரி முழுக்கத் தெளிய விட்டு, மேல் தெளிவை மட்டும் பைய இறுத்துக்கிடுங்க. ரெண்டு மூடி டப்பா. ஒண்ணில் ஈரமான மக்கு மண், இன்னொண்ணில் வெறும் மணல். ரெண்டிலும் ஒரு சின்ன மூடியில் சுண்ணாம்புத் தெளிவு. மறுநாள் காலையில் மக்கு மண் டப்பாவில் வெள்ளை ஆடை தடிச்சு நிக்கும். மணல் டப்பாவிலும் லேசா ஆடை வரும், உள்ளே அடைபட்ட காற்றிலேயும் கார்பன் டை ஆக்சைடு இருக்கே. அதனால்தான் ரெண்டு டப்பா. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, கலக்குறது டீச்சர் கையில்தான் இருக்கணும்.

---

தட்டான்பூச்சி

குறுக்கே பேசுறதுக்கு மன்னிக்கணும். பாட்டில் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் நாங்குநேரிப் பக்கம் பள்ளி, சுத்திலும் குளம், உடைமரக்காடு, வயக்காடு. வெளியே கால் வைக்காமல் பாட்டிலில் தொடங்கினால், சூழல் மண்டலம்னா ஒரு பாட்டில் என்று பிள்ளைகள் முடிவு பண்ணிடும். வரிசையை மாத்துங்க. முதல் வாரம் தரை, அப்புறம்தான் பாட்டில்.

2 மீட்டர் கயிறு, நாலு குச்சி. கயிறை முடிச்சுப் போட்டுச் சதுரமா நட்டால் பக்கம் 50 சென்டிமீட்டர். முடிச்சுக்குக் கயிறு போகும், அதனால் 2 மீட்டர் 10 சென்டிமீட்டரா வெட்டி, குறி வச்சு முடியுங்க. மூணு இடம்: வேப்ப நிழல், வெட்டவெளி, தண்ணிக் குழாயடி. ஒவ்வொரு குழுவும் 10 நிமிஷம் குந்தி உட்கார்ந்து எண்ணணும். எத்தனை வகைச் செடி, எத்தனை வகைப் பூச்சி, தரை வெப்பம். வெப்பமானி சிவப்புச் சாராயம் உள்ளதா இருக்கட்டும், பாதரசம் வேண்டாம். குமிழை மண்ணுக்குள்ளே ஒரு சென்டிமீட்டர் புதைச்சு ரெண்டு நிமிஷம் பொறுத்துப் படிக்கணும், உடனே படிச்சால் காற்று வெப்பத்தைத்தான் காட்டும். காலை 10 மணிக்கும் மத்தியானம் 2 மணிக்கும் எடுங்க. நிழலுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துட்டு, எறும்பு எங்கே அதிகம்னு அட்டவணையைப் பாருங்க. உயிருள்ளது, உயிரில்லாதது என்று புத்தகம் தனித்தனியாப் பிரிக்கிறது இந்த இடத்தில் ஒண்ணாச் சேரும்.

கல்லைப் புரட்டணும்னா கையால் கூடாது. குச்சியால் கல்லின் தூரத்து விளிம்பைத் தூக்குங்க. இடைவெளி நமக்கு எதிர்ப்பக்கம் திறக்கணும், கல் நமக்கும் உள்ளே இருக்கிறதுக்கும் நடுவில் நிக்கணும். தேளும் பூரானும் நம்ம பக்கம் ஓடி வராது. பார்த்ததும் கல்லை இருந்த மாதிரியே திருப்பி வைக்கணும்.

அப்புறம் குழியானை. இதை விட மலிவான ஆசிரியர் கிடைக்காது. கூரை ஓரத்தில், மழை படாத புழுதியில் சின்னப் புனல் மாதிரிக் குழி இருக்குமே, அதுக்குள்ளே இருக்கிறதுதான். மூணு தட்டில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மூணு மண்: சலிச்ச ஆத்து மணல், பொடிச்ச கரம்பை, ஈர மணல். தட்டுக்கு ஒரு குழியானை. சாயங்காலம் வச்சுட்டுப் போனால் காலையில் காய்ஞ்ச மணலில் குழி இருக்கும். ஈர மணலில் இருக்காது, சரிஞ்சு விழாத மண்ணில் பொறி வேலை செய்யாது. கரம்பைப் பொடியில் என்ன ஆகும் என்பது எவ்வளவு நைசாப் பொடிச்சீங்க என்பதைப் பொறுத்தது. பிள்ளைகளே சலிச்சுச் சலிச்சுப் பார்க்கட்டும். குழி விட்டத்தை அடிக்குச்சியால் அளக்கலாம். ரெண்டு நாளுக்கு ஒரு எறும்பு போதும். பத்து எறும்பைப் போட்டு வேடிக்கை பார்க்க விடாதீங்க. ஈர மணலில் வச்சதை மறுநாளே காய்ஞ்ச மணலுக்கு மாத்துங்க. ஒரு வாரத்தில் எல்லாத்தையும் அதே கூரை ஓரத்தில் விட்டுடணும்.

பள்ளியில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் தளிர் இலையில் சின்னக் கடுகு அளவுக்கு வெளிர்மஞ்சளா இருக்கிற வண்ணத்துப்பூச்சி முட்டையைத் தேடுங்க. மூணு நாலு நாளில் பொரியும். முதல்ல காக்கா எச்சம் மாதிரி இருக்கிற புழு, கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு பச்சையா மாறும். லேசாத் தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பு மாதிரி நீட்டி ஒரு வாடை விடும். கொம்பை யாருக்காக வச்சிருக்கு, எச்ச வேஷம் யாருக்காகப் போட்டிருக்கு என்று கேட்டாலே கரிச்சானும் எறும்பும் உணவு வலைக்குள் வந்துடும். இதில் கெடுற இடம் மூணு. சந்தையில் வாங்கின கறிவேப்பிலை போட்டால் மருந்தில் செத்துடும். கிளையைத் தண்ணிப் பாட்டிலில் சொருகிப் பஞ்சால் வாயை அடைக்காமல் விட்டால் புழு இறங்கித் தண்ணியில் விழும். மூடின டப்பாவில் எச்சம் தேங்கினால் பூஞ்சை. சில சமயம் கூட்டில் இருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலா குட்டிக் குளவி வரும். கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போடாதீங்க, அது ஒட்டுண்ணிக் குளவி. அந்த வருஷத்திலேயே அதுதான் நல்ல பாடம்.

---

பொருநைக்கரை

தரை முதல்ல என்பதை ஒத்துக்கிடுதேன். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் குளம் நிரம்பி நிக்கும்போது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் கரையில் இறக்கக் கூடாது. அப்போ பெரியவங்க ஒரு வாளித் தண்ணி மோந்து வந்து, பள்ளி முற்றத்தில் வெள்ளைத் தட்டில் ஊத்திப் பார்க்கிறதுதான் வழி. பாட்டிலுக்குத் தேவை அங்கேதான். தவிர குளத்தில் வேலம்பாசியை எடுத்துட்டு என்ன ஆகுதுன்னு பார்க்க முடியாது, பாட்டிலில் முடியும்.

வயலையும் குளத்தையும் சேர்க்கிற சோதனை ஒண்ணு. பாட்டிலை ரெண்டா வெட்டி, மேல் பாதியைத் தலைகீழா அடிப் பாதிக்குள் சொருகுங்க. வாயில் மூடிக்குப் பதில் பழைய பருத்தி வேட்டித் துணி கட்டணும். மேலே 300 கிராம் மண், கீழே அரை லிட்டர் குளத்துத் தண்ணி. இது மாதிரி மூணு. ஒண்ணுக்கு எதுவும் இல்லை. ஒண்ணுக்கு யூரியா 10 குருணை, எண்ணிப் போடணும். ஒண்ணுக்குக் காம்ப்ளக்ஸ் (பாஸ்பேட்டும் சேர்ந்த உரம்) 3 குருணை. வாரம் ரெண்டு தடவை 50 மில்லி தண்ணி மேலே ஊத்தினால் சொட்டுச் சொட்டா கீழே இறங்கும். ரெண்டு வாரத்தில் உரம் போட்டதில் தண்ணி பச்சை கட்டும். கரண்டியால் அளந்து போட்டால் உரம் அதிகமாகிப் பாசியே வராது, எல்லாரும் இதில்தான் ஏமாறுவாங்க. எது முந்தும் என்று முன்கூட்டிச் சொல்லாதீங்க. களிமண் பாஸ்பேட்டைப் பிடிச்சு வச்சுக்கிடும், மணல் விட்டுடும், ஆகவே உங்க மண்ணைப் பொறுத்து மாறும். இந்த அமைப்புக்கு மட்டும் காலை வெயில் ரெண்டு மணி நேரம் வேணும். பிசான நெல் பருவத்துக்கு உரம் போட்ட வயத் தண்ணி வடிஞ்சு குளத்தில் விழுந்தால் ஆகாயத்தாமரை ஏன் மூடுது என்று வீட்டிலேயே பேச்சு வரும்.

மறந்துட்டேன்: திறந்த பாட்டில், தட்டு எல்லாத்துக்கும் வலைத்துணியும் ரப்பர் பேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறக்கும். டெங்குப் பணியாளர் வந்தால் சோதனை என்று சொன்னாலும் கேட்க மாட்டாங்க, கொட்டிட்டுத்தான் போவாங்க. அது அவங்க வேலை.

---

தேரிக்காட்டான்

எல்லாரும் செய்முறையில் இருக்கீங்க. வரைபடத்தில் ஒரு தப்பு வருஷா வருஷம் நடக்கு, அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

அம்புக்குறி. “கொக்கு மீனைத் தின்னுது” என்பதால் பிள்ளைகள் கொக்கில் இருந்து மீனுக்கு அம்பு போடும். அம்பு, தின்னப்படுறதில் இருந்து தின்னுறதுக்குப் போகணும். அது சத்து போற திசை. “யார் யாரைத் தின்னுது” என்று கேட்டால் தப்பாத்தான் வரும். “மீனில் இருந்த சத்து இப்போ யார் வயித்தில்” என்று கேளுங்க.

தின்னுறதுக்கும் தின்னப்படுறதுக்கும் நடுவில் நூல் இழுக்கிற நூல் வலை விளையாட்டுக்கு நம்ம குளத்து ஆட்களையே எடுங்க. சிங்கமும் மானும் எதுக்கு? பாசி, வேலம்பாசி, கொசுப்புழு, தலைப்பிரட்டை, தட்டான் குஞ்சு, கெண்டை, விரால், நண்டு, தவளை, தண்ணிப்பாம்பு, மீன்கொத்தி, நீர்க்காகம், கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அடிச் சகதிப் பாக்டீரியா. 28 பேருக்குப் பாசிக்கு 6 பேர், கொசுப்புழுவுக்கு 4 பேர் என்று கொடுத்தால் அளவு விகிதமும் தெரியும். ஆளுக்கு ஒரு அட்டை, வட்டமா நின்னு, சணல் 80 மீட்டர் வேணும், 30 மீட்டர் உருண்டை பாதியிலேயே தீர்ந்துடும். பாக்டீரியா அட்டைக்காரனுக்கு எல்லாரிடம் இருந்தும் நூல் வரணும். அவன் கை நிறைஞ்சு திண்டாடுறதுதான் கரம்பைமண் சொன்ன விஷயம். அப்புறம் குளம் வத்துச்சு என்று சொல்லி மீன்கள் நூலை விடட்டும். யார் கையில் நூல் தளருதோ அவங்க உட்காரணும்.

சத்து குறைஞ்சுகிட்டே போறதுக்கு ஒரு லிட்டர் தண்ணி. பாசி 1000 மில்லி. கொசுப்புழுவுக்கு 100. கெண்டைக்கு 10, மருந்து மூடி அளவு. கூழைக்கடாவுக்கு 1 மில்லி, சொட்டுக்குழாயில். பத்தில் ஒண்ணு என்பது தோராயம்தான். மிச்சம் எங்கே போச்சு என்று பிள்ளைகள் கேட்கும்: மூச்சிலும் அசைவிலும் உடம்புச் சூட்டிலும் போச்சு, தின்னாமல் விட்டதும் எச்சமும் சகதிக்குப் போச்சு.

ஐந்திணையில் இருந்து தொடங்கலாமா என்று சிலர் கேட்பாங்க. பொதிகை, களக்காட்டு அடிவாரக் காடு, தாமிரபரணி வயல், உவரிக் கடற்கரை, எங்க செம்மணல் தேரி, எல்லாம் ஒரு நாள் பஸ் தூரத்தில் இருக்கிற சீமை இது. தொடக்கத்துக்கு நல்ல வாசல்தான். ஆனால் குறிஞ்சி = மலைச் சூழல் மண்டலம் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் பண்ண வச்சுடாதீங்க. 1935ல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் டான்ஸ்லி சூழல் மண்டலம் (ecosystem) என்ற சொல்லைக் கொண்டு வந்தபோது அவர் சொன்னது உயிருள்ளதும் இல்லாததும் ஒண்ணுக்கொண்ணு கொடுத்து வாங்குற ஒரே அமைப்பு என்பது. திணை என்பது நிலத்தோடு மனுஷன் மனசையும் பொழுதையும் சேர்த்தது. ரெண்டும் வேற வேற கேள்விக்கான பதில்.

கூந்தன்குளம் பறவைச் சரணாலயம் உங்களுக்குப் பக்கம்தான். தை, மாசியில் கூட்டிட்டுப் போங்க, குளத்தில் தண்ணி இருக்கான்னு முதல்ல விசாரிச்சுக்கிட்டு. சரணாலயம், ஆகவே அங்கேயிருந்து தண்ணியோ நத்தையோ இறகோ எடுக்கக் கூடாது. பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: கூட்டுக்கு அடியில் எச்சம். மீன் பறவைக்குள் போய், எச்சமா மரத்தடியிலும் குளத்திலும் விழுந்து, வண்டலாகி, கோடையில் அள்ளி வயலுக்குப் போகுது. வட்டம் மூடுற இடம் அதுதான். ஒவ்வொரு ஜனவரியும் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கு. பிள்ளைகள் தங்க ஊர்க் குளத்தில் அதே மாசத்தில் அரை மணி நேரம் எண்ணி, வருஷா வருஷம் ஒரே நோட்டில் எழுதி வைக்கலாம்.

---

வகுப்பறை_ஜன்னல்

அரையாண்டு லீவு முடிஞ்சதும் தொடங்குதேன். தரை ஒரு வாரம், பிறகு நாலு பாட்டில், கூடவே இலைப்பை. கடைசியா ஒண்ணு: ஏப்ரலில் பள்ளி மூடும்போது பாட்டிலில் இருக்கிறதை என்ன செய்ய?

---

பொருநைக்கரை

நத்தை எந்தக் குளத்தில் எடுத்தீங்களோ அதே குளத்தில், வேற எதுவும் கலக்காமல் இருந்தால் மட்டும் திருப்பி விடுங்க. எந்தக் குளம் என்று எடுத்த அன்னைக்கே பாட்டிலில் எழுதி ஒட்டிடணும், ஏப்ரலில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடையில் வாங்கின பாசி, கப்பி எதையும் குளத்திலோ கால்வாயிலோ விடாதீங்க. கப்பி நம்ம ஊர் மீன் இல்லை, ஒரு ஜோடி போதும் பெருகுறதுக்கு. மிச்சக் கப்பி இருந்தால் தொட்டி வச்சிருக்கிற ஆளிடம் கொடுத்துடுங்க. பாசியைச் சிமெண்டுத் தரையில் பரப்பி நல்லாக் காயவச்சு வேப்ப மரத்தடியில் போடுங்க. உரம் போட்ட மூணு பாட்டில் தண்ணியும் செடிக்குத்தான், சாக்கடைக்கு இல்லை. மணலை அலசிக் காயவச்சுச் சாக்கில் கட்டி வைங்க, அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

---

கரம்பைமண்

பனையோலைப் பையை மட்டும் எடுக்காதீங்க டீச்சர். நூலோடு அப்படியே கிடக்கட்டும், ஜூனில் புது அஞ்சாம் வகுப்பு தோண்டிப் பார்க்கட்டும்.